சத்தத்தைக் குறைக்க 14,350 ரூபாய்

பழைய கார் வாங்கிய ஆண்பிள்ளைக்கு மூன்று பருவங்கள் உண்டு. முதல் மாதம், தினமும் காலையில் எழுந்து துடைப்பார். இரண்டாம் மாதம், பின் கண்ணாடியில் ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டுவார். மூன்றாம் மாதம், ஆபீஸ் கேன்டீனில் தோசையைப் பிய்த்தபடியே, "வண்டி எல்லாம் ஓகேங்க... ஸ்பீக்கர்தான் சரியில்ல" என்பார்.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த நிமிஷமே அவரைச் சுற்றி ஏழெட்டு நிபுணர்கள் முளைத்துவிடுவார்கள். ஆளாளுக்கு ஒரு கம்பெனி, ஆளாளுக்கு ஒரு வாட்ஸ் கணக்கு. ஒருத்தர் டிக்கியில் ஊஃபர் போடச் சொல்வார். இன்னொருத்தர், தன் மச்சான் வண்டியில் பாட்டுப் போட்டால் பக்கத்து வண்டிக்காரன் நெஞ்சு அதிரும் என்பார். (பக்கத்து வண்டிக்காரன் என்ன பாவம் செய்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்!)

அடியேனும் மூன்றாம் பருவத்தைத் தொட்டேன். என்னிடம் இருப்பது 2007-ம் வருஷத்து லான்சர் செடியா. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த பிறகு, ஒரு டாக்டரிடமிருந்து என் கைக்கு வந்தது. முதல் நாள் வாசலில் நிறுத்தியபோது அப்பா கேட்டார்:

"என்ன வண்டிடா இது?"

"செடியாங்கப்பா."

"செடியா? இந்த விலைக்குத் தோப்பே வாங்கியிருக்கலாமே!"

நாலு கதவு, பெரிய டிக்கி... இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். இதன் அண்ணன் பெயர் லான்சர் எவல்யூஷன். ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு வருஷம் உலக ராலி சாம்பியன் ஆனது அந்த எவல்யூஷனில்தான். பிற்பாடு வந்த ஏழு, எட்டு, ஒன்பதாவது எவல்யூஷன்களைச் செடியாவின் உடம்பை வைத்துத்தான் கட்டினார்கள். அண்ணனுக்கு டர்போவும் நாலு சக்கர இழுவையும் உண்டு. தம்பிக்கு 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரை. பங்காளிகள்தானே, முக ஜாடை இருக்கும்! இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நம்ம திருவள்ளூர் தொழிற்சாலையில் வைத்துப் பூட்டிய வண்டி என்பதால், ஜப்பான்காரனாக இருந்தாலும் பாதி உள்ளூர்க்காரன்.

கோயமுத்தூரில் இப்படியொரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு அலைபவனை யாரும் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள். ஊர் வாகு அப்படி. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்து, பந்தயக் கார்களைத் தானே கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை வந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். மில்லும் மோட்டாரும் எங்களுக்கு ரெண்டு கண். ரெண்டும் போடுகிற சத்தத்தில் போவதென்னவோ காது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

* * *

என் வண்டியின் முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு வயசு வண்டியின் வயசேதான். வலது பக்கத்துக் கோன் ஓரத்தில் பொரிந்துபோய், மிருதங்கம் வாசித்தால் முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி கேட்கும். பாடுகிறவருக்கு ஜலதோஷமா, எனக்கு ஜலதோஷமா என்று சந்தேகம் வரும்.

வீட்டம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏனுங்க, இருக்கிற ஸ்பீக்கர்ல பாட்டு கேக்குதுல்ல?"

கேட்கிறது. அதில்தான் விஷயமே இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, வார்த்தை புரிய வேண்டுமானால் வால்யூமை 40-க்கு 28 வைக்க வேண்டியிருந்தது. 28-ல் வார்த்தை கேட்டது. கூடவே கதவும் பாடியது. கதவை அடக்க வால்யூமைக் குறைத்தால் வார்த்தை போயிற்று. இதற்குப் பேர் பாட்டு கேட்பதல்ல, பஞ்சாயத்து.

காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் வயிற்றில் அடிக்கிற எண்கள். 300 வாட்ஸ், 450 வாட்ஸ், 600 வாட்ஸ்!

கொஞ்சம் வயசான வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் டேப்ரிக்கார்டர் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 2,000 வாட்ஸ்' என்று போட்டிருப்பான். உள்ளே ஆறு டார்ச் பேட்டரி போட்டால் ஓடுகிற சமாச்சாரம் அது. இப்போது அந்தப் பெயர் கொஞ்சம் மங்கிவிட்டது. 'மேக்ஸ்', 'பீக்' என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். 'பீக் வாட்ஸ்' என்பது உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிருக்கும் சி.டி.சி. மாமனாரிடம் சொல்ல உதவும். பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்று ஒரு எண் இருக்கும் பாருங்கள், அதுதான் பிடித்தமெல்லாம் போக மாசக் கடைசியில் கைக்கு வருவது. குடும்பம் நடப்பது அதில்தான்.

ஸ்டீரியோவுக்கும் இதே கதைதான். பெட்டியில் '50 வாட்ஸ், நாலு சேனல்' என்று இருக்கும். கார் ஓடும்போது பேட்டரி லைனில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். இந்த ரெண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஒரு சேனலுக்குச் சுத்தமாகக் கிடைக்கக்கூடியது 20 வாட்ஸ் சொச்சம். பத்தாவது படிக்கும் பையன் போடுகிற கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி.காம். படித்தவன் என்ற முறையில் என்னை ரொம்ப உலுக்கியது இதுதான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு! முதலைப் பத்து மடங்காக்கினால் வரவு இரண்டு மடங்கு. இப்படியொரு பிசினஸ் பிளானை எடுத்துக்கொண்டு போனால் எந்த பேங்க் மேனேஜரும் டீ கூட வாங்கித் தரமாட்டார்.

ஆகவே, பெட்டியில் வாட்ஸைப் பார்ப்பவர் பாதி விவரம். 'சென்ஸிடிவிட்டி' என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பவர் முழு விவரம். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. 87 போட்ட ஸ்பீக்கரை விட்டு 90 போட்டதை எடுத்தால், ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவில்லாமல் வாட்ஸை இரண்டு மடங்காக்கிய பலன். சம்பளம் கூடவில்லை, ஆனால் வாடகை குறைந்துவிட்டது!

* * *

அந்தக் கடையில் வேலை செய்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். என் பட்ஜெட்டைக் கேட்டான். சொன்னேன். பெட்டிகள் பக்கமே திரும்பாமல் நேராக வெளியே வந்து, என் வண்டிக் கதவை விரல் முட்டியால் தட்டினான். 'டங்...' என்று கேட்டது.

"பாத்தீங்ளாண்ணா? தகர டப்பா. இதுல எந்த ஸ்பீக்கர் போட்டாலும் இப்படித்தானுங்க பேசும்."

"அப்போ என்ன பண்ணலாம்?"

"கதவுதானுங்ண்ணா ஸ்பீக்கரு. நீங்க காசு குடுத்து வாங்கறது வெறும் காகிதமும் காந்தமும்."

இந்த ஒரு வரிக்கே அவனுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். வீட்டில் இருக்கிற ஸ்பீக்கரை எல்லாம் பாருங்கள், மரப்பெட்டிக்குள் இருக்கும். காரணம் இதுதான். கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. ரெண்டும் சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதிலும் தபலா, பாஸ் கிடார் மாதிரி அடிச்சத்தங்கள்தான் முதலில் போகும். ரெண்டையும் பிரித்து வைக்கத்தான் பெட்டி.

காரில் பெட்டி எது? கதவு. அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி ஸ்குருக்களைக் கழற்றி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, டோர் பேடைப் பிரித்தான். உள்ளே இரும்புத் தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். பவர் விண்டோ மோட்டாரைப் பூட்டுவதற்காக விட்டது. அதன் மேல் மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒட்டிய பாலிதீன் தாள், பதினேழு வருஷத்தில் கிழிந்து, தேர்தல் முடிந்த மறுவாரத்துப் போஸ்டர் மாதிரி தொங்கியது. ஸ்பீக்கர் முன்பக்கம் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, பின்பக்கத்துப் பாட்டு அந்த ஓட்டை வழியாக வந்து அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. போன வண்டிக்காரர் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை இங்கே வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது!

அப்புறம் நடந்தது கொத்தனார் வேலை. தின்னர் தொட்டு உள்ளே துடைத்தான். ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பிசினுமாக இருக்கும் பியூட்டில் ரப்பர் ஷீட்டை வெட்டி, வெளித் தகட்டின் உள்பக்கத்தில் ஒட்டி, சின்ன ரோலரால் உருட்டி உருட்டி அழுத்தினான். பிறகு உள் தகட்டின் ஓட்டைகளை மூடினான். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துவாரங்களை மட்டும் தொடவே இல்லை. "இத அடைச்சா மழைக்காலத்துல கதவுக்குள்ள மீன் வளர்க்கலாமுங்ண்ணா" என்றான். கதவு துருப்பிடித்து அழுகுவது அங்கேயிருந்துதானாம்.

ஸ்பீக்கரைத் தகட்டில் நேராக முடுக்காமல், இடையில் ஒரு வளையம் வைத்தான். மரத்தூள் பலகையில் செய்தது மலிவு. ஆனால் ரெண்டு மழைக்கு ஊறி அப்பளமாகிவிடும் என்பதால் பிளாஸ்டிக் வளையம். கண்ணாடியை முழுசாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்தான். ஒரிஜினல் ஒயரை வெட்டவில்லை. அதே கப்ளருக்குப் பொருந்துகிற இணைப்பு ஒயர் வாங்கிப் போட்டான். நாளைக்கு வண்டியை விற்றாலும் பழைய ஸ்பீக்கரை அப்படியே மாட்டிவிடலாம்.

பிளஸ், மைனஸ் பார்க்க அவன் செய்த வித்தை ரொம்பப் பிடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சாதா 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டான். கோன் வெளியே எம்பினால் பேட்டரியின் பிளஸ் பட்ட இடம்தான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். ஒரு கதவில் சரியாகவும் மறு கதவில் தலைகீழாகவும் கொடுத்துவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் காணாமல் போய்விடும். இதுக்காகவே புது ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு அதைவிட விலை கூடினதை வாங்கினவர்கள் உண்டு என்றான். குடும்பத்தில்கூட அப்படித்தான். ஆள் ரெண்டும் நல்ல ஆள்தான், கனெக்‌ஷன்தான் தலைகீழ்.

கீச்சுச் சத்தங்களுக்கான சின்ன ட்வீட்டரைத் தனியாகப் பிரித்து, கண்ணாடி முக்கோணத்துப் பக்கம் காது உயரத்தில் வைத்தான். அந்த வகைச் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தால் முழங்கால்தான் ரசிக்கும். பின்பக்க ஸ்பீக்கர்களை மாற்றவே வேண்டாம் என்றான். "கச்சேரி மேடை முன்னாடிதானுங்ண்ணா இருக்கும்?" நியாயம்தானே!

நம்ம கணக்குப் புத்தகம் இதோ. ஸ்பீக்கர் ஜோடி 6,200. ரெண்டு கதவுக்கு ரப்பர் ஷீட் 4,400. வளையம் 750. ஒயர், டேப் வகையறா 500. கூலி 2,500. மொத்தம் 14,350 ரூபாய். ஸ்பீக்கருக்குப் போனது பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நிபுணர்கள் சொன்ன யோசனைகளில் கதவு என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை.

வேலை முடிந்ததும் தம்பி மறுபடி கதவைத் தட்டினான். இந்தத் தடவை 'தொப்' என்றது. கதவைச் சாத்தினால், நம்மைவிட வசதியானவர்கள் வீட்டுக் கதவு மாதிரி ஒரு மரியாதையான சத்தம்.

* * *

மில் கதைக்கு இப்போது வருகிறேன். அன்றைக்குக் கடைக்கு அப்பாவும் வந்திருந்தார். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கூடவே கிளம்பிவிட்டார். அவர் ஒரு ஸ்பின்னிங் மில்லில், ரிங் ஃப்ரேம் கூடத்தில் 31 வருஷம் ஃபிட்டர். மூணு ஷிஃப்ட்டும் மாறி மாறிப் பார்த்தவர். டி.வி. வைத்தால் தெருமுனை டீக்கடையில் செய்தி கேட்கும். "சாவி எங்கீங்கப்பா?" என்று கேட்டால் "காபியா? இப்பத்தானே குடிச்சேன்" என்பார். வீட்டில் இது ஒரு நிரந்தர நகைச்சுவை. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன செவிடா? நீங்கெல்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்று கோபம் வரும்.

ஸ்பீக்கரைச் சோதிக்க, தம்பி போனில் ஒரு சத்தத்தை ஓடவிட்டான். 20 ஹெர்ட்ஸில் முனகலாக ஆரம்பித்து 20,000 வரை ஏறிக்கொண்டே போகிற ஒற்றை விசில். எங்கேயாவது கதவு அதிர்ந்தால் தெரிந்துவிடும். அப்பா முன் சீட்டில், நான் ஸ்டீரிங்கில், தம்பி பின்னால்.

விசில் ஏறியது. போன் திரையில் எண் 1,000... 2,000... 3,000-ஐத் தாண்டியபோது எனக்குப் பல் கூசியது. மனுஷக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்பது 2,000-லிருந்து 5,000 வரை உள்ள இடத்தைத்தான். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு காதில் விரல் வைத்தான்.

அப்பா திரும்பிப் பார்த்து, "என்ன சாமி, நிறுத்திட்டயா?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். விசில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. எண்ணை அப்பாவே பார்த்தார். வெர்னியரை வைத்து வாழ்க்கையை ஓட்டியவர். டாக்டர் சொன்னால் நம்பாதவர், மகன் சொன்னால் சத்தியமாக நம்பாதவர், அளவைப் பார்த்தால் நம்புவார். "மறுபடி போடு" என்றார். போட்டான். அதே இடத்தில், அவருக்கு விசில் நின்றுபோனது. "சரி" என்றார். அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் இருக்கிற சங்கதி இதுதான். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்தம் அதிகமானால் அவை சாகின்றன. போனால் மறுபடி முளைப்பதில்லை. தலைமுடிக்காவது மாற்று உண்டு! இரைச்சலால் வருகிற சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் தெரியும். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் உயிர் இருப்பது அந்த உயரத்தில். ஆகவே அவருக்குக் குரல் கேட்கும், வார்த்தை புரியாது. 'சாவி' காபியாவது நகைச்சுவை இல்லை, கணக்கு.

அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் போட்டு வைத்திருக்கும் வரம்பு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 100-க்குக் கால் மணி நேரம்தான். ரிங் ஃப்ரேம் கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சகஜம். அங்கே 31 வருஷம்! ஊருக்கெல்லாம் பஞ்சு பிரித்துக் கொடுத்த கூடத்தில், காதுக்கு எதுவும் வைக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. (பஞ்சு வைத்தாலும் பெரிசாகப் பிரயோஜனமில்லை, அதற்கென்று இருக்கிற இயர் பிளக்கோ மஃப்போதான் வேண்டும்.)

அப்பாவுக்கு அது பிழைப்பு. சம்பளம் வாங்கிக்கொண்டு காதைக் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் எனக்கு பி.காம். நாமோ காசு கொடுத்து, தவணை கட்டி, ஊஃபர் பூட்டி அதே காரியத்தைச் செய்துகொள்கிறோம். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் இளைஞரின் இயர்போனில் ஓடுகிற பாட்டு நமக்கு வரிவரியாகக் கேட்டால், அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

* * *

கடையிலிருந்து அவிநாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை போய்த் திரும்பினோம். 80-ல் போகும்போது வால்யூம் 17. பழைய 28-ல் கேட்ட அத்தனை வார்த்தையும் 17-ல் கேட்டது. பாடகருக்கு ஜலதோஷம் போய்விட்டது. வண்டிக்குள் டயர் சத்தம் அப்படியேதான் இருந்தது. ரெண்டு கதவுக்கு ரப்பர் ஒட்டியதால் செடியா பென்ஸ் ஆகிவிடாது. ஆனால் 4,000 சுற்றைத் தாண்டும்போது எஞ்சின் எழுப்புகிற அந்த உறுமலைப் பாட்டு மூடவில்லை. ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது, ரெண்டு வண்டி தள்ளி இருக்கும்போதே கேட்டது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு எஞ்சினும் ஒரு வாத்தியம். அதையும் சேர்த்துக் கேட்க முடிந்தால்தான் கச்சேரி.

பழக்க தோஷத்தில் அப்பாவிடம் உரக்க ஏதோ சொன்னேன்.

"ஏன்டா கத்தறே? பக்கத்துலதானே இருக்கேன்."

காரில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதிசயம் ஒன்றுமில்லை. முன்னால் பாட்டு 28-ல் ஓடும், அதற்கு மேல் நான் கத்துவேன், ரெண்டும் சேர்ந்து அவருக்கு மில் கூடம். இப்போது பாட்டு கீழே இறங்கிவிட்டது, என் குரல் மேலே தெரிந்தது.

சூலூர் பிரிவு தாண்டியதும் கையை உயர்த்தினார். "பாட்ட நிறுத்து."

நிறுத்தினேன்.

"பின்னாடி, இடது சக்கரம். ஏதோ முனகுது பாரு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 20 வாட்ஸில் 17-ஐ ரசித்துக் கேட்கிற என் காதுக்கு, எஞ்சினுக்கு ஆயுள் ரசிகனான என் காதுக்கு, ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "பேரிங் போயிருச்சுங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா நடுரோட்டுல நின்னிருப்பீங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

கீச்சு போனதே தவிர, அடிச்சத்தம் அப்பாவுக்கு அப்படியே இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒன்றாகச் சுற்றும்போது எது முனகுகிறது என்று நின்ற இடத்திலிருந்து விரல் நீட்டியவர். அத்தனை நாள் கதவு போட்ட ஆட்டத்தில் அந்த முனகல் மறைந்திருந்தது. கதவு வாயை மூடியதும் சக்கரம் பேசியது. கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். இந்தச் செய்தியைச் சொன்னபோது, சமையலறையில் இருந்த வீட்டம்மா கரண்டியோடு வெளியே வந்து, "அப்போ ஸ்பீக்கர் செலவு வீண் இல்லீங்க" என்று தீர்ப்பு வழங்கினாள். அப்பீல் இல்லாத கோர்ட்!

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அப்பாவே சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, விசில் விசிலாகக் கொடுத்துச் சோதித்தார்கள். வரைபடத்தில் கோடு 1,000 வரை சமதரையாக வந்து, 4,000-ல் கிணற்றில் இறங்குவது மாதிரி இறங்கியது. செத்த செல்லை எழுப்ப மருந்து கிடையாது. ஆனால் எந்த உயரத்துச் சத்தம் குறைகிறதோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கிற கருவி இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் ஏற்றினால் பிரயோஜனமில்லை, வேண்டியதை மட்டும் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். காந்திபுரத்துத் தம்பி சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அவன் கூலி 2,500. இவர் ஃபீஸ் தனி.

கருவியின் விலை என் ஸ்பீக்கர் செலவைப் போல மூன்று மடங்கு. அதற்கு யாரும் கேன்டீனில் நிபுணர்களைக் கூட்டவில்லை.

அதை மாட்டிக்கொண்டு அப்பா முதல் தடவை வண்டியில் ஏறினார். சீட் பெல்ட் 'ளிக்' என்று மாட்டிய சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டேன், "இது டிக் டிக்னு அடிக்குமா?" என்றார். உற்சாகமாக என் அருமையான ஸ்பீக்கரில், என் அருமையான 17-ல், பாட்டுப் போட்டேன்.

அரை நிமிஷம் பொறுத்தார். பிறகு கையை நீட்டி, குமிழைத் திருகி, 12-ல் கொண்டு வந்து வைத்தார்.

"இவ்வளவு சத்தமாவா பாட்டு வெப்பாங்க? காது என்னத்துக்கு ஆகும்?"

14,350 ரூபாய் செலவழித்து நான் குறைத்தது 11. அவர் ரெண்டே விரலில் குறைத்தது 5.